விளக்கேற்றிய மஹான்

சேது ஸ்நானம் செய்யாமல் காசி யாத்திரை பூர்த்தியாவதில்லை என்பது நம்மவரது பழைய கொள்கை. கங்கா தீர்த்தத்தைச் சுமந்துகொண்டு வடதேசத்திலிருந்து வருவோர் தனுஷ்கோடியில் இரு கடல்களும் கூடுமிடத்திலே முழுகி, இராமேசுவரத்தில் இராமலிங்கப் பெருமானுக்கு அத்தீர்த்தத்தை அபிஷேகத்திற்கு அளித்து, சந்நிதியில் ஒரு விளக்குக்காவது நெய் கொடுத்த பின்னரே மனத்திருப்தி அடைகின்றனர். அவ்விளக்கு எதற்காக ஏற்றப்படுகின்றதென்று அவர்களைக் கேட்டால், தக்க விடை கூறவல்லார் மிகச் சிலரே. பெரியோர் செய்து வந்தனர், ஆதலின் நாமும் செய்கின்றோம் என்பதே பெரும்பாலோர் மறுமொழி. இவர்களுக்கு நேர் எதிரே நிற்பவரும் உண்டு. அரை வயிற்றுக் கஞ்சிக்கும் வழியில்லாதவர் ஆயிரக்கணக்கில் இருக்கும் நாட்டிலே எண்ணெயையும் நெய்யையும் கல்லின் முன் எரிப்பது அறிவீனம் என்பது இவர்கள் வாதம். அர்த்தமறியாது ஏற்றுவோருக்கும், அர்த்தமில்லையென்று மறுப்போருக்கும் ஒருங்கே விடையளித்த வாழ்க்கை ஒன்று நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. சேதுக்கரை மூர்த்தியின் திருநாமத்தையே தம் பெயராகக் கொண்டிருந்த வடலூர் இராமலிங்க ஸ்வாமிகளின் வாழ்க்கையே அது.

அவ்வாழ்க்கையின் சிறப்பை உணர வேண்டுமாயின், அவருக்கு முன் விளக்குத் தொண்டு இந்நாட்டில் எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது நினைவுகூர வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நந்தாவிளக்குத் தர்மங்கள் எண்ணிறந்தன. இரவும் பகலும் அணையாது எரியும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், சில இடங்களில் 90 ஆடுகள், இடையர் வசம் ஒப்புவிக்கப்படும். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதையும் செத்ததையும் கழித்து, பிறந்ததைச் சேர்த்து, தொகை குறையாமல் மந்தையைக் காக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அம்மந்தைக்குப் பெயர். போரில் மடிந்தவர் பொருட்டும், அறியாமற் செய்த கொலைக்குப் பிராயச்சித்தமாகவும், உற்றாரின் நல்வாழ்வு கருதியும் இவ்விளக்குகள் வைக்கப்பட்டன. இறந்தவன் திரும்புவதில்லை, அவன் பேரால் எரியும் சுடராவது அணையாதிருக்கட்டும் என்னும் மனித உள்ளத்தின் தாபம் அக்கல்லெழுத்துக்களில் இன்றும் தெரிகின்றது.

நாயன்மார் மூவரும் விளக்கினாலேயே புகழ் பெற்றனர். திருவாரூரில் நெய் தர மறுத்து நகைத்த பிற சமயத்தார் காண, குளத்து நீரை வார்த்து விளக்கெரித்தவர் நமிநந்தியடிகள். தில்லையில் வறுமையால் கணம்புல்லை எரித்து, அதுவும் போதாதபோது தம் தலைமயிரையே திரியாக்கியவர் கணம்புல்லர். திருவொற்றியூரில் செக்குத் தொழில் செய்து, பொருளெல்லாம் தீர்ந்தபின் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தவர் கலியர். திருக்கோவலூர் இடைகழியில் கூடிய முதலாழ்வார்களோ, அகலும் நெய்யும் திரியும் இல்லாமலே உலகத்தையும் அன்பையும் விளக்காக்கினர். ஆகவே புறத்தே எரியும் விளக்கு, தன்னையே எரிக்கும் விளக்கு, அகத்தே எரியும் விளக்கு என்னும் மூன்றும் நம் முன்னோர் அறிந்தனவே. இம்மூன்றுக்கும் மேலாக நான்காவது ஒன்றை இராமலிங்கர் கண்டார். அது யாதென்பதை அவர் சரித்திரமே காட்டும்.

சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூரில், கிராமக் கணக்கரான இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக 1823 அக்டோபர் 5-ஆம் தேதி அவர் தோன்றினார். கைக்குழந்தையாயிருக்கையில் தில்லைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, திரைதூக்கித் தீபாராதனை நடந்தபோது அக்குழந்தை கலகலவென்று நகைத்ததாகச் சரித்திரம் எழுதியோர் கூறுவர். திரைக்குப் பின்னே ஒளி என்னும் அக்காட்சி பிற்காலத்தில் அவர் அமைத்த சபையில் திரும்ப வருவதைக் காண்போம். தந்தையார் விரைவில் காலமானார். தாயார் பொன்னேரிப் பக்கத்திலுள்ள தம் பிறந்தகமாகிய சின்னகாவணத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் குழந்தைகளுடன் குடிபெயர்ந்தார். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்கினார்.

சென்னை ஏழுகிணற்றுப் பகுதி வீராசாமி பிள்ளை தெருவில் அவர்கள் குடியிருந்தனர். பள்ளிப் படிப்பில் தம்பிக்கு மனம் செல்லவில்லை. கந்தகோட்டத்திற்குச் சென்று பாடிக்கொண்டிருப்பதே அவனுடைய வேலை. சினந்த தமையனார் வீட்டில் சோறிடக்கூடாதென்று கட்டளையிட, அண்ணியார் மறைவாக அமுதிட்டுக் காத்துவந்தார். பசித்த பிள்ளைக்கு யாருமறியாமல் இடப்பட்ட அச்சோற்றை, பின்னாளில் வடலூரில் மூட்டிய அடுப்பின் முதற்பொறி என்று சொன்னால் மிகையாகாது. பின்னர் அவர் விருப்பப்படி வீட்டு மாடியில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அவ்வறையின் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, எதிரே விளக்கேற்றி, அக்கண்ணாடியை நோக்கியே அவர் தியானம் செய்தார். ஒரு நாள் அதில் திருத்தணிகை முருகன் திருவுருவம் தமக்குத் தோன்றியதாகத் தம் பாட்டிலும் குறித்தார். விக்கிரகம் இல்லை, மந்திர உபதேசம் செய்ய ஆசாரியர் இல்லை. ஒரு கண்ணாடியும் ஒரு விளக்குமே இருந்தன. அவ்வொளியில் முதலில் தெரிவது பார்ப்பவன் முகமேயன்றோ? தன்னைக் கண்டவனே தலைவனைக் காண்பான் என்னும் பெரிய சாஸ்திரார்த்தத்தை, பள்ளிக்கூடம் துறந்த ஒரு சிறுவன் தன் அறைக்குள்ளே பரிசோதித்துப் பார்த்தான்.

தமையனார் நோயுற்ற ஒரு நாள் சோமு செட்டியார் இல்லத்தில் அவருக்குப் பதிலாகச் சென்று பெரியபுராணப் பிரசங்கம் செய்ய, கேட்டோர் வியந்தனர். அதன்பின் திருவொற்றியூருக்கு நாள்தோறும் நடந்து செல்வது அவர் வழக்கமாயிற்று. கலிய நாயனார் குருதி வார்க்கத் துணிந்த திருத்தலம் அதுவே. 1850-இல் தமக்கையின் மகள் தனக்கோடியை மணந்தாராயினும் இல்லறத்தில் அவர் மனம் படியவில்லை. 1851-இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறை கண்ட வாசகத்தை வசனமாக எழுதினார். கன்றை இழந்த ஒரு பசுவின் துயரத்திற்காகத் தன் மைந்தனையே தண்டித்த சோழன் கதையை அவர் தேர்ந்துகொண்டது தற்செயலன்று.

1858-இல் பட்டணத்தைத் துறந்து தெற்கே புறப்பட்டார். தில்லையைத் தரிசித்து, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழிக் கிராமத்தில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அவ்வில்லமே அவர் வாசஸ்தலம். இரவெல்லாம் விளக்கின் முன் அமர்ந்து எழுதுவது அவர் பழக்கம். ரெட்டியாரின் மனைவியார் முத்தியாலம்மாள் எண்ணெய்க் கலயத்தை அருகில் வைத்துச் செல்வார். பழைய கலயம் உடைந்துபோகவே, புதிய மண்கலயம் ஒன்றைப் பழக்குவதற்காக அதில் நீர் நிரப்பி வைத்தவர், எண்ணெய் வைக்க மறந்து வெளியூர் சென்றுவிட்டார். ஸ்வாமிகள் விளக்கு மங்கும் போதெல்லாம் அக்கலயத்திலிருந்து எடுத்து வார்த்தார். இரவு முழுவதும் விளக்கு எரிந்தது. மறுநாள் திரும்பிவந்த அம்மையார் கலயத்தைப் பார்த்துத் திகைத்தார்.

இவ்வற்புதத்தை நம்புவோர் நம்பலாம், ஐயுறுவோர் ஐயுறலாம். இராமலிங்கர் தம் பாடலில் இதனைத் தாமே குறிப்பிட்டுள்ளார். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்தது, தம்மை நகைத்த மாற்றார் கண்ணெதிரே. கருங்குழியில் மாற்றார் எவருமில்லை, பார்ப்பாரும் இல்லை, நிரூபிக்க வேண்டிய வழக்கும் இல்லை. வார்ப்பது எண்ணெயா நீரா என்பதைக்கூடக் கவனியாத ஒருவரும், தனித்த ஓர் அறையும், ஒரு சுடருமே இருந்தன. தன்னை மறந்த கவனத்தில்தான் விளக்கு எரிகின்றது என்பதே இந்நிகழ்ச்சியின் உட்பொருள். வீம்புக்காக லக்ஷதீபம் ஏற்றிப் பெயர் பொறிப்போர் இதனைச் சிந்தித்தல் நலம்.

கருங்குழி வாசத்திலேதான் அவருடைய மனம் தனியொருவனின் முக்தியிலிருந்து உலகத்தின் பசிக்குத் திரும்பியது. 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் தோன்றியது. இராமநாதபுரத்தில் சமாதி கொண்டிருக்கும் தாயுமானவர் விதைத்த சமரசம் இங்கே ஒரு ஸ்தாபனமாக உருக்கொண்டது எனலாம். 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் திருவருட்பா அச்சேறியது. அப்பெயரைக் குறித்து ஆறுமுக நாவலர் முதலியோர் எழுப்பிய கண்டனம் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைப் பற்றி இன்று கவலைப்படுவோர் புலவர் சிலரே. அதே 1867 மே 23-இல் வடலூரில் மூட்டப்பட்ட அடுப்பைப் பற்றியோ நாடே அறியும்.

வடலூர் மக்கள் மனமுவந்து அளித்த பரந்த நிலத்தில் சத்திய தருமசாலை அன்று தொடங்கப்பட்டது. சாதி, சமயம், தேசம், ஒழுக்கம் என்று எதனையும் கேளாமல், பசித்து வந்தவர் எவராயினும் சோறிட வேண்டும் என்பது அதன் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகின்றது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் அவருடைய வசனநூல் பசியின் கொடுமையை விவரிக்கும் பகுதிகளைக் கல்நெஞ்சனும் கலங்காமல் படித்தல் அரிது. பசி வந்தபோது அறிவு மங்குகின்றது, உள்ளே இருக்கும் கடவுள் விளக்கமே மறைகின்றது, உணவு சென்றவுடன் அவ்விளக்கம் மீண்டும் துலங்குகின்றது என்பது அந்நூலின் கருத்து. இங்கேதான் நான்காவது விளக்கு தோன்றுகின்றது. ஒவ்வொருவர் உடம்பும் ஓர் அகல். அதனுள் எரியும் உயிரே ஜோதி. அச்ஜோதி மங்காமல் காக்கும் எண்ணெய் அன்னம். ஏழைக்கு ஒரு பிடி சோறிடுபவன் ஒரு நந்தாவிளக்கைத் தூண்டிவிடுகின்றான். சோழன் 96 ஆடுகள் விட்டுச் செய்த தர்மத்தை, ஓர் அகப்பையால் எவனும் செய்யலாம்.

தருமசாலை நிறுவிய பின்னரே அவர் ஒளிக்குக் கோயில் எடுத்தார் என்பதை நம்மவர் மறக்கலாகாது. முதலில் அடுப்பு, நான்காண்டுகள் கழித்தே சபை. 1870-இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்திற்கு வாசத்தை மாற்றிக்கொண்டு, 1871-இல் சத்திய ஞானசபை கட்டும் பணியைத் தொடங்கினார். எண்கோண வடிவமான அச்சபையில் 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடைபெற்றது. உள்ளே விக்கிரகம் இல்லை. கண்ணாடியும் அதன் பின்னே விளக்கும். முன்னே ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று நிறம் வேறுபட்ட இத்திரைகள் ஆன்மாவை மறைத்து நிற்கும் மாயை முதலிய ஏழு சக்திகளைக் குறிப்பன. ஒவ்வொன்றாக அவை விலக, ஜோதி தோன்றும். ஏழுகிணற்று மாடியறைக் கண்ணாடியும், தில்லைத் திரையும், கருங்குழி விளக்கும் ஒரே இடத்தில் ஒன்றுகூடின. அவ்வாண்டு ஏப்ரலில் அருட்பெருஞ்ஜோதி அகவலை 1,596 அடிகளில் இயற்றினார். விளக்கேற்றச் சபைக்குள் செல்பவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருத்தல் வேண்டுமென்று விதித்தார். ஆசை தோன்றாத பருவமும் ஆசை ஓய்ந்த பருவமுமே சுடரைத் தொடத் தகுந்தவை என்பது கருத்துப் போலும். குலமுறை அர்ச்சகருக்கு அங்கே பாத்தியதை இல்லை.

சபைக்குள் நுழைவோர் கொலையும் புலையும் தவிர்த்தவராயிருத்தல் வேண்டும். மற்றையோர் புறத்தே நின்று வணங்கலாம் என்று வைத்தார். ஒளிக்கு வாயில் உண்டு, நிபந்தனையும் உண்டு. தருமசாலைக்கோ எந்த நிபந்தனையும் இல்லை. ஊனுண்பவனும் அங்கே பசியாறலாம். ஞானத்திற்குத் தகுதி வேண்டும், சோற்றுக்குப் பசியே தகுதி என்னும் இப்பாகுபாட்டில் விளங்கும் நீதியுணர்ச்சியை எந்தச் சட்டநூலிலும் நாம் கண்டதில்லை. நம் கோயில்களோ பல நூற்றாண்டுகள் இதற்கு நேர்மாறாக நடந்துவந்தன. ஒழுக்கத்தைக் கேளாமல் பிறப்பைக் கேட்டன.

1873 அக்டோபர் 22-ஆம் தேதி சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி, தம்மைச் சார்ந்தோருக்கு நீண்ட உபதேசம் செய்தார். அடுத்த கார்த்திகையில், தம் அறைக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்தார். இனி இதனையே தடையின்றி ஆராதிக்கும்படி அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். 1874 ஜனவரி 30-ஆம் தேதி இரவு அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் காணவில்லை. கதவு திறக்கப்பட்டபோது அறை வெறுமையாயிருந்ததென்று அன்பர் கூறுவர். 1878-இல் வெளியான தென்னார்க்காடு ஜில்லா மானுவலில் கார்ஸ்டின் துரையும் இம்மறைவைக் குறித்திருக்கின்றார். அவர் எங்கே போனார் என்று ஆராய்வோர் பலர். எதை வெளியே வைத்துவிட்டுப் போனார் என்று எண்ணுவோர் சிலர். குருபீடமும் மடாதிபத்தியமும் நிறுவக்கூடியவராயிருந்தும், தம் ஸ்தானத்தில் ஒரு மனிதனை வையாமல் ஒரு விளக்கை வைத்தார்.

ஆயினும் விளக்கை மட்டும் வணங்குவது நம்மவருக்கு எளிதாக இல்லை. உருவமில்லாத அச்சபையிலேயே பிற்காலத்தில் லிங்க பூஜை புகுந்தது. ஸ்வாமிகளின் நெறிக்கு இது மாறென்று அன்பர்கள் முறையிட, 2006-இல் அறநிலையத்துறை அவ்வழக்கத்தை நீக்க உத்தரவிட்டது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வுத்தரவை உறுதிப்படுத்தியது. ஒரு மஹானின் விருப்பத்தை நிலைநாட்ட அவர் அன்பர்கள் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின் நியாயஸ்தலம் ஏற வேண்டியிருந்தது என்பது நாம் சிந்திக்கத்தக்க விஷயம். திரைகள் ஏழும் துணியாலானவை, இழுத்தால் விலகும். பழக்கம் என்னும் எட்டாவது திரை அவ்வளவு எளிதில் விலகுவதில்லை.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 1947-இல் சென்னை மாகாணத்தின் கோயில்கள் அனைத்தையும் ஹரிஜனங்களுக்குத் திறந்துவிட்ட ஆலயப்பிரவேசச் சட்டம் நிறைவேறியபோது பிரதம மந்திரியாக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவர் இராமலிங்கரின் அடியார். பதவி நீங்கியபின் வடலூரிலேயே தங்கித் தொண்டு செய்தார். தியானத்திலும் பாட்டிலும் இருந்த சமரசம் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. அரசியலில் உழைப்போர் ஆன்மிகத்தைக் கிழவருக்குரிய பொழுதுபோக்கென்று ஒதுக்குவது எவ்வளவு தவறு என்பதற்கு இஃதொரு சான்று.

இப்பொழுது தொடக்கத்தில் எழுந்த வினாவிற்குத் திரும்புவோம். விளக்கு எதற்கு? இருளின் தன்மையை அறிந்தவரே இதற்கு விடை கூற வல்லார். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. பிரயாணிகளோடு ஒரு ரயில் வண்டியும் கடலுக்கு இரையாயிற்று. மனிதர் வாழத் தகாத இடமென்று அது அறிவிக்கப்பட்ட பின்னும், அம்மணல் வெளியில் மின்சாரமின்றி நெடுங்காலம் குடிசை போட்டு வாழ்ந்துவந்த மீனவக் குடும்பங்கள் பல. கடலுக்குச் சென்றவன் திரும்பும் வரை கரையில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பதை அக்குடிசைப் பெண்ணுக்கு எந்தப் பௌராணிகரும் விளக்க வேண்டியதில்லை. விளக்கு முதலில் ஒருவன் மற்றொருவனுக்காக விழித்திருப்பதன் அடையாளம். அவ்வன்பே சந்நிதிக்குச் சென்று வழிபாடாயிற்று. அதே கடற்கரையில் ஏர்வாடி தர்காவிலும் ஓரியூர் மாதாகோயிலிலும் ஏற்றப்படும் சுடர்களுக்கும் இதுவே வேர். அகலில் எண்ணெயும் திரியும் தம்மை அழித்துக்கொண்டே ஒளி தருகின்றன. அவ்வொளி ஏற்றியவனுக்கும் ஏற்றாதவனுக்கும் ஒன்றுபோலவே வழி காட்டுகின்றது. இவ்விரு குணங்களும் தன்னிடம் வளர வேண்டுமென்று நினைந்து விளக்கேற்றுபவனே அதன் பொருளை அறிந்தவன்.

எண்ணெய் வீணாகின்றதென்று வாதிப்போருக்கு வடலூர் காட்டும் விடை இதுவே: விளக்கை அணைக்க வேண்டாம், அதனருகில் ஓர் அடுப்பையும் மூட்டுங்கள். விளக்கோடு நின்றுவிடும் பக்தருக்கும் அதுவே விடை. அடுத்த வீட்டில் வயிறு காய்ந்து கிடக்க, கோயிலில் ஏற்றும் நூறு தீபங்கள் சபைக்கு முன்னுள்ள கறுப்புத் திரையைக்கூட விலக்கமாட்டா. கார்த்திகை தோறும் வீட்டு வாயிலில் அகல் வைக்கும் தமிழ்மக்கள், அவ்வகலுக்கு வார்க்கும் எண்ணெயின் அளவுக்கேனும் அரிசியை எடுத்துப் பசித்தவர் கலத்தில் இடுவார்களாயின், 1873-இல் மேட்டுக்குப்பத்து அறையின் வெளியே வைக்கப்பட்ட விளக்கு ஒவ்வோர் ஊரிலும் எரியும்.